கொளுத்த மூட்டிய தீ

காலனியில் இருக்கும் பறைகளை எல்லாம் கொளுத்திவிடுவது என்று 1991இல் தீர்மானம் போட்டவன் நான்தான். சேரப்பணஞ்சேரிப் பக்கம் எங்கள் காலனி. இளைஞர் சங்கத்துக்கு நான் செயலாளர், மறைமலை நகரில் கம்பெனி வேலை வேறு. தலைகால் புரியவில்லை. ஊர்த்தெருவில் சாவு என்றால் பறையடிக்க அப்பாவைக் கூப்பிட ஆள் வரும். இனி அடிக்க மாட்டோம் என்றோம். அதில் தப்பில்லை, இன்றைக்கும் சொல்வேன். பறையே இருக்கக் கூடாது என்றதுதான் என் கொழுப்பு. அப்பா எதிர்த்துப் பேசவில்லை. சோற்றைத்தான் குறைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கொளுத்துவதாக ஏற்பாடு. முந்தின நாள் எங்கள் சபைப் போதகரிடம் ஒரு கேசட் வாங்கி வந்தேன். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தேவாலயத்தில் பாடிய பாட்டுகள். பாட்டென்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அப்பாவுக்குக் காட்டவே போட்டேன். கண்ணை மூடிக் கேட்டவர், விரலால் கட்டில் சட்டத்தைத் தட்ட ஆரம்பித்தார்.

"இன்னாடா இது? கையைத் தட்றாங்க, காலை ஒதைக்கிறாங்க. அத்தினி அடியும் கீது. மோளம் எங்க?"

அன்று சாயந்திரமே கேசட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது போதகரிடம் அதைக் கேட்டேன்.

"அவங்க முன்னோர் அடிமைங்க தம்பி. கொட்டுல சேதி சொல்லிக் கலகம் பண்ணிடுவாங்கன்னு பயந்து, பல எடத்துல மொதலாளிங்க அதைத் தடை பண்ணிட்டாங்க. அவங்க விடல. கையையும் காலையும் கொட்டாக்கிக்கிட்டாங்க."

சைக்கிளை மிதிக்க மனமில்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். அவர்களிடமிருந்து பிடுங்க ஒரு முதலாளி வேண்டியிருந்தது. எங்களுக்கு நான் ஒருவனே போதும். வெட்கமாக இருந்தது.

மறுநாள் தேவாலய வாசலில் வைக்கோல் பற்றி எரிந்தது. மொத்தம் ஏழு பறைகள். அப்பாவுடையதை நான்தான் தூக்கி வந்திருந்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தீயில் போடாமல் அப்பாவின் கையில் கொடுத்தேன்.

"ஊர்ச் சாவுக்கு வேணாம்பா. நம்ம கோயில்ல நமக்காக அடி," என்றேன்.

அடிப்பதற்கு முன்னால் தோல் விறைக்கப் பறையைத் தீயில் வாட்ட வேண்டும். கொளுத்த மூட்டிய அதே தீயில் அப்பா திருப்பித் திருப்பி வாட்டினார். விரலால் சுண்டினார். கணீரென்றது. மற்ற ஆறு பேரும் தங்கள் பறைகளை எடுத்துக்கொண்டு தீயைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஏழுக்கும் இந்த வைக்கல் பத்தாது. இன்னும் கொஞ்சம் எத்துனு வாடா, செயலாளரே!"

ஓடினேன். அந்த ஓட்டத்தில் எனக்கிருந்த பெருமை, கம்பெனி வேலை கிடைத்த அன்றுகூட இருந்ததில்லை.