நடுக்கோட்டின் மேல் என் கால்

போன வெள்ளிக்கிழமை, போன் பேட்டரி மாற்ற பத்தா கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். சாலையைத் தோண்டிப் போட்டு, சுற்றிலும் சிவப்பும் வெள்ளையுமாக பிளாஸ்டிக் டேப் கட்டியிருந்தார்கள். காற்றில் ஒரு முனை அவிழ்ந்து என் கணுக்காலில் வந்து சுற்றியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அதைச் செருப்பால் அழுத்தி மிதித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் "யல்லா பாய், ஜல்தி!" என்று முதுகில் தட்டிய பிறகுதான் காலை எடுத்தேன். பழக்கதோஷம். ஒரு காலத்தில் அந்த டேப்பை மிதிப்பதுதான் என் வெள்ளிக்கிழமை டூட்டி.

அந்த நேரம் பார்த்து 'ஜுபைல் சிங்கங்கள்' குழுவிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி. பெயரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். பாதிச் சிங்கங்களுக்குச் சர்க்கரை, மீதிக்கு மூட்டுவலி. குழுவை நடத்துகிற செல்வம் எங்கள் கேம்ப் கபடி டீமில் கார்னரில் நின்றவன். அன்று எதிரியின் காலைப் பிடித்தான், இன்று எங்கள் எல்லோருடைய உயிரையும் வாங்குகிறான். அவன் ஓர் ஓட்டெடுப்பு வைத்திருந்தான். நம்ம டீமில் இதுவரை பாடிப் போனவர்களில் யார் பெஸ்ட்? காசிம் பாயா, வீரமணியா? மூன்று நாளாக அடிதடி. பதினொன்றுக்குப் பதினொன்று என்று நின்றது. "டைம்கீப்பர் அண்ணே, நீங்க ஒருத்தர்தான் பாக்கி. எங்க ஒளிஞ்சு கெடக்கீங்க?" என்று குரல் அனுப்பியிருந்தான்.

ஒளிந்துதான் கிடந்தேன். எனக்குள் பதினாறு வருடமாக ஒரு குற்றம் குறுகுறுத்துக்கொண்டிருந்தது.

அப்போது இதே வளைகுடாவில், ஜுபைலில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்தேன். யார் எத்தனை மணிக்கு சைட்டுக்குள் போனான், எத்தனை மணிக்கு வந்தான் என்று எழுதுகிற வேலை. அதனால் கபடியிலும் எனக்கு எழுத்து வேலைதான். உடம்பையும் சொல்ல வேண்டுமே, என்னை யாராவது கட்டிப்பிடித்தால் எலும்பு சத்தம் கேட்கும். மெஸ்ஸுக்குப் பின்னால் கொஞ்சம் மணல். அதுதான் ஸ்டேடியம். சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டால், பாதி ஆட்டத்துக்குள் காற்று வந்து துடைத்துக்கொண்டு போய்விடும். சைட்டிலிருந்து இந்தச் சிவப்பு வெள்ளை டேப்பைக் கொண்டுவந்து நடுக்கோடாக விரித்தோம். மணலில் ஆணி நிற்காது. எனவே எங்களுக்கென்று ஒரு சட்டம். டேப்பின் ஒரு முனையை நான் மிதித்துக்கொண்டு நிற்க வேண்டும். மறுமுனையை யார் கடைசியாக அவுட்டானானோ அவன் மிதிக்க வேண்டும். உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒரு கபடி நடந்திருக்காது.

காசிம் பாய் கேம்ப் ஆள் இல்லை. கேட்டுக்கு வெளியே பகாலா வைத்திருந்தார், நம்ம ஊர் மளிகைக்கடை மாதிரி. ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர். அந்தக் கடைக்குள் போனாலே வெங்காயமும் ஊதுபத்தியும் சோப்பும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். இன்றைக்கும் எந்த ஊரில் எந்தக் கடையில் அந்த வாசனை வந்தாலும், வேண்டுமோ வேண்டாமோ, ஒரு சோப்பு வாங்கிவிடுவேன். பாய்க்குத் தொப்பை உண்டு. ஆனால் ஸ்டூலில் ஒற்றைக் காலில் நின்று மேல்தட்டுச் சாமானைக் கால்விரலால் தள்ளி விழவைத்துக் கையில் பிடிப்பார். களத்திலும் அதே காலை நீட்டிச் சிரித்துக்கொண்டே தொட்டுவிட்டு வருவார். தொடப்பட்டவனும் சேர்ந்து சிரிப்பான்.

வீரமணி ஒரத்தநாட்டுப் பக்கம். சாரம் கட்டுகிற வேலை. பாய்க்கு நேர் எதிர். பாடிப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு, கடன் கேட்கப் போகிறவன் போலக் கூச்சத்தோடு போவான். 'கபடி கபடி' அவன் வாயில்தான் இருக்கும், நடுவர் குனிந்து காது கொடுத்தால்தான் கேட்கும். ஆனால் நாலு பேர் மேலே விழுந்தாலும் நாலு பேரையும் இழுத்துக்கொண்டு கோட்டுக்கு வந்துவிடுவான்.

அந்த வருடம் ஷட்டவுன் வேலை, ஆலையை நிறுத்திவைத்து இரவு பகலாகப் பழுது பார்ப்பது. யாருக்கும் லீவு கிடையாது. வீரமணிக்கு ஊரில் பெண் குழந்தை பிறந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டது, இவன் இன்னும் பார்க்கவில்லை. ஒருநாள் ரூமில் உட்கார்ந்து, "புள்ளகிட்ட அப்பா எங்கடான்னு கேட்டா, போனைக் காட்டுதாம்ணே. போனைத்தான் அப்பான்னு நெனச்சுக்கிட்டு இருக்கு" என்று சிரித்தான். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்துக் கேம்ப்போடு ஃபைனல் வந்தபோது எங்கள் கேம்ப் பாஸ் உற்சாகத்தில் வாய்விட்டார்: "கப் கொண்டு வாங்க, ஒருத்தனுக்கு லீவு. யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க." நாங்கள் கூடிப் பேசவே இல்லை. பாய் மட்டும் முறுக்குப் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டே, "இதுல பேச என்னப்பா இருக்கு, புள்ளைய பாக்கப் போறது வீரமணி" என்றார். அவருக்கு லீவும் வேண்டாம், கப்பும் வேண்டாம்.

ஃபைனலில் கடைசி நிமிடம். இரண்டு பாயின்ட் பின்னால் இருக்கிறோம். பாய் பாடிப் போய் மாட்டிக்கொண்டு அவுட். இப்போது மூன்று. மணலைத் தட்டிக்கொண்டே வந்து, சட்டப்படி டேப்பின் மறுமுனையை மிதித்துக்கொண்டு நின்றார். கடைசி ரெய்டு வீரமணி. தலையைக் குனிந்தபடி போனான். நாலு பேர் சேர்ந்து அமுக்கினார்கள். அவன் ஊர்கிறான், இழுக்கிறான், புழுதி கிளம்பி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "வாடா, வாடா!" என்று கத்திக்கொண்டு நான் துள்ளிக் குதித்தேன். கால் டேப்பை விட்டுவிட்டது. முனை பறந்தது. புழுதி அடங்கினால், வீரமணியின் விரல் டேப்பின் மேல்! நாலு பாயின்ட். கப் எங்களுக்கு.

டேப் நகர்ந்துவிட்டது என்று எதிர் டீம் குதித்தது. நடுவர் ஒரு பஞ்சாபி. "ஹவா சப் கா ஹை. கலாஸ்!" என்றார். காற்று எல்லோருக்கும் பொதுவாம், முடிந்ததாம். மறுவாரமே வீரமணி ஊருக்குப் பறந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பேன், சொல்லுங்கள்? என் கால் எழும்பியதால்தான் கோடு அவனிடம் வந்தது. குதித்தது ஆசையிலா, வேண்டுமென்றேயா என்று எனக்கே தெரியாது. இந்த லட்சணத்தில் யாருக்கு ஓட்டுப் போடுவது?

கடைசியில் மனசு கேட்காமல் வீரமணிக்கே போன் போட்டேன். ஒரு பெண்குரல் எடுத்தது. பன்னிரண்டாவது படிக்கிறாளாம். "அப்பா! ஜுபைல் மாமா போன்ல இருக்காங்க!" என்று கத்தினாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு, போனை இல்லாமல் நிஜ ஆளை அப்பா என்று கூப்பிடுகிறாளே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீரமணி வந்ததும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஐய, நீங்க எங்கண்ணே நின்னீங்க? மெஸ் பக்கம். நான் விழுந்து கெடந்தது பாய் பக்கம். உங்க முனை பறந்தா எனக்கு என்னண்ணே ஆவப்போவுது?"

"அப்புறம் டேப் உன்கிட்ட எப்படிடா வந்துச்சு?" என்றேன்.

"மூச்சு முடிஞ்சுபோச்சு. வெரலுக்கும் டேப்புக்கும் ஒரு சாண் இருக்கு. செத்தோம்டான்னு பாக்கறேன், பாய் எங்கயோ வானத்தைப் பாத்துக்கிட்டே டேப்பைக் கால்வெரல்ல இடுக்கி, என் பக்கம் தள்றாரு. கடையில மேல்தட்டுச் சோப்பு எடுக்கற மாதிரி."

"அப்ப நீ யாருக்குடா ஓட்டுப் போட்ட?"

"பாய்க்குத்தான். அவுட்டானப்பறமும் ரெய்டு போனது அவரு ஒருத்தருதாண்ணே."

பதினாறு வருடம் நான் சுமந்த குற்றம் என்னுடையதே இல்லை! விட்டது பாரம் என்று நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. டீமின் வரலாற்றில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு கால்தான்.

பாய்க்கு ஓட்டைக் குத்தினேன். பன்னிரண்டுக்குப் பதினொன்று. அடுத்த நிமிடமே ஊரிலிருந்து பாயின் குரல் வந்து விழுந்தது: "யோவ் டைம்கீப்பரு, ஒமக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா? அந்தக் கடைசி ரெய்ட மறந்துட்டீரா? வீரமணி மாதிரி ஒருத்தன் உண்டாய்யா?" பின்னணியில் அவர் பேரப்பிள்ளைகளின் சத்தம்.

அந்த மெஸ் இப்போது இல்லை. பகாலாவும் இல்லை. செல்வம் ஒரு மேப் படம் போட்டான், கேம்ப் இருந்த இடம் முழுக்க ஒரு பெரிய கிடங்கின் தகரக் கூரை. நாங்கள் இருபத்து மூன்று பேரும் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினோம். நடுக்கோடு எங்கே இருந்தது என்று இனி யாராலும் காட்ட முடியாது. அன்றைக்கு மட்டும் யாரால் முடிந்தது?