ஒரு டீமுக்கு இரண்டு மேனேஜர்

போன சனிக்கிழமை ஒரே வார்த்தையில் ஒரு பொய் சொன்னேன்.

‘சொல்லிட்டேன்.’

அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்ப நாலு விநாடிகூட ஆகவில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டது அன்று முழுக்க.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும் – கவலைப்படுவது எனக்கு ஒரு வேலை மாதிரி. கடல் கடந்து வந்து இங்கே கிளென்ஃபீல்ட் மாலில் சாவி வெட்டுவதும் செருப்புத் தைப்பதும் வயிற்றுக்காக. கவலை, மனசுக்காக. அப்படிப்பட்டவனைப் போய் ஒரு சாஃப்ட்பால் டீமின் ஸ்கோர் புத்தகத்தோடு கட்டிப்போட்டால் என்ன ஆகும்?

முதலில் டீமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துத் தமிழர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. ஆண், பெண் கலந்து பதினோரு பேர். ஒன்பது பேர் ஆட வேண்டும், இரண்டு பேர் உட்கார வேண்டும். கிரிக்கெட்தான் ஆட நினைத்தோம்... கிரவுண்ட் கிடைக்கவில்லை. சாஃப்ட்பாலுக்குக் கிடைத்தது. பேஸ்பால் கேள்விப்பட்டிருப்பீர்கள் – இது அதன் தங்கச்சி. பந்து கொஞ்சம் பெரிசு, கையைக் கீழாகச் சுழற்றி வீசுவார்கள். மற்றபடி அடி, ஓடு, நாலு மூலையிலும் பதித்திருக்கிற நாலு பேஸையும் சுற்றி வா.

இந்த சீசனில் அதுவரை ஏழு மேட்ச். ஏழிலும் தோல்வி. ஒரு மேட்ச் முடிந்ததும் எதிர் டீம்காரர்கள் எங்கள் தோளைத் தட்டி ஆளுக்கொரு ஆரஞ்சுச் சுளை கொடுத்தார்கள். அவ்வளவு பரிதாபம்.

டீமில் பதினோரு பேர் என்றால் ரசிகர்கள் பதினான்கு பேர். மைதான ஓரத்தில் கஸீபோ என்கிற ஒரு துணிப் பந்தல், மடக்கு நாற்காலிகள், ஃபிளாஸ்க்கில் டீ, டப்பா நிறைய மட்டன் ரோல்ஸ். இவர்களுக்கு என்று தனியாக ஒரு வாட்ஸ்அப் குரூப். அதன் பெயர் ‘ஆலோசனைக் குழு’. இதுவரை யாரும் இவர்களிடம் ஆலோசனை கேட்டதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

குழுவின் தலைவர் தவராசா அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர். கிரிக்கெட்டை ரேடியோவில் கேட்ட காலத்திலிருந்தே கேப்டன்களைத் திருத்தி வருகிறவர். அவருக்குப் பக்கத்து நாற்காலி சேகருக்கு. சென்னைக்காரர், ஐ.டி. மேட்சுக்கு லேப்டாப்போடு வருவார். பேட்டில் பட்டு பந்து பின்பக்கம் பறந்தால் எழுந்து நின்று கை தட்டுவார். சாஃப்ட்பாலில் அது ஃபவுல் என்று ஏழு மேட்சாகச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. “இருந்தாலும் டைமிங் பாருங்க பாஸ்” என்பார்.

மேனேஜர், புஷ்பா. மலேசியாவில் தைப்பிங் ஊர். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. எங்கள் எல்லோரிலும் இந்த ஆட்டத்தை ஏற்கெனவே ஆடியிருந்தவர் அவர் ஒருவர்தான். அங்கே பெண்பிள்ளைகள் ஸ்கூலில் சாஃப்ட்பால் ஆடுவார்களாம். அந்தக் காலத்துக் கையுறையை இன்னும் வைத்திருக்கிறார், உள்ளங்கையில் தோல் கறுத்துப்போய். அதனால் மேனேஜர் ஆனார். ஆட்டம் தெரிந்த ஒரே ஆள் என்பதால், ஆட்டம் தெரியாத பதினான்கு பேருக்கு அவர்மேல் சந்தேகம்.

சந்தேகம் கலகமாக மாறியது ரூபனால்.

ரூபன், தவராசா அண்ணையின் மருமகன். மகளைக் கட்டியவர். பந்தை அவரளவு தூரம் அடிக்க எங்களில் ஆளில்லை. ஆனால் அடித்த பிறகு பேட்டைக் கீழே போட மாட்டார். கிரிக்கெட்டில் பேட்டோடு ஓடி, கடைசியில் பேட்டை நீட்டிக் கோட்டைத் தொடுவோம் இல்லையா? கைக்கு அந்தப் பழக்கம். சாஃப்ட்பாலில் பேட்டைப் போட்டுவிட்டு வெறுங்கையோடு ஓட வேண்டும். பேஸை ஆள் தொட வேண்டும். பேட் தொட்டால் செல்லாது. ஆறாவது மேட்சில் ரூபன் முதல் பேஸுக்கு இரண்டடி முன்னால் குனிந்து, பேட்டை அழகாக நீட்டி பேஸைத் தொட்டுவிட்டு, நிமிர்ந்து சிரித்தார். அவுட். அம்பயரிடம் ரீப்ளே இருக்கிறதா என்று கேட்டார்.

ஏழாவது மேட்சில் புஷ்பா அவரை உட்கார வைத்துவிட்டார்.

கஸீபோவுக்குள் அன்று யாரும் ரோல்ஸைத் தொடவில்லை. சேகர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். ரூபன் இல்லாததால் எத்தனை ரன் போயிற்று என்று ஒரு வரைபடம், சிவப்பில். ஒருவர் பந்து வீசுகிற பிட்சரை மாற்ற வேண்டும் என்றார். இன்னொருவர் மூன்றாவது பேஸில் நிற்கிற பெண்ணுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றார். எல்லோரும் பேசி முடித்த பிறகு தவராசா அண்ணை தொண்டையைச் செருமினார். “மருமகன் எண்டபடியால் நான் சொல்லேல்லை. ஆர் எண்டாலும் இதைத்தான் சொல்லுவன். மனேஜரை மாத்த வேணும்.”

புது மேனேஜர் யார்? எல்லோரும் அண்ணையைப் பார்த்தார்கள். அண்ணை வேண்டாம் என்றார். மூன்று விநாடி. பிறகு சரி என்றார்.

அது சுலபமாக முடிந்தது. புஷ்பாவிடம் யார் சொல்வது? இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த மேட்ச் ஒரு மணி நேரத் தூரத்தில், புக்கெகோஹியில். புஷ்பாவுக்கு மோட்டார்வேயில் ஓட்டப் பயம். என் காரில்தான் வருவார்.

“தம்பி, நீர்தானே அவவைக் கூட்டிக்கொண்டு போறனீர். போற வழியிலை பக்குவமாய்க் கதைச்சு விடும்” என்றார் அண்ணை.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல்லும் எனக்கு வராது என்பதுதான் பிரச்சினை.

ஐந்து நாள் ஒத்திகை பார்த்தேன். சாவி வெட்டும்போதெல்லாம் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சனிக்கிழமை புஷ்பா காரில் ஏறினார். “பசியாறிட்டீங்களா அண்ணே?” என்று கேட்டார். ஒத்திகை பார்த்த முதல் வரி அங்கேயே போயிற்று.

துறைமுகப் பாலத்தைத் தாண்டியதும் சொல்லலாம் என்று இருந்தேன். தாண்டியதும், கிரீன்லேன் வரட்டும் என்று நினைத்தேன். கிரீன்லேனில் டிராஃபிக். மவுன்ட் வெலிங்டனில் அவரே பேச ஆரம்பித்துவிட்டார். மடியில் பேட்டிங் வரிசை எழுதிய தாள்.

“ரூபனை இன்னிக்கு நாலாவது ஆளா இறக்கப் போறேன் லா” என்றார், தைப்பிங் ‘லா’வோடு. போன மேட்சில் உட்கார வைத்தவரையா? பிறகுதான் விஷயம் தெரிந்தது. புதன்கிழமை சாயங்காலம் ரூபனைப் பார்க்குக்கு வரச் சொல்லி, வேலை முடிந்த கையோடு இவர் போய், ஒன்றரை மணி நேரம் பந்து வீசியிருக்கிறார். அடி, போடு, ஓடு. திரும்ப அடி, போடு, ஓடு. “இப்ப கை தானா பேட்டை விடுது. ஆனா மாமனார்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணே, வெக்கப்படறாரு.”

ஆக, அவரிடம் சொல்ல வேண்டிய ரகசியம் ஒன்று. அண்ணையிடம் சொல்லக் கூடாத ரகசியம் இன்னொன்று. ஸ்டீரிங் வியர்த்தது.

மனுகாவ் தாண்டும்போது, ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: “இங்க வந்து பதினோரு வருஷம் ஆச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒன்ன நாலு பேர் வந்து கேக்கறது இதான் மொத தடவ.”

இதற்கு மேல் நான் எப்படி வாயைத் திறக்க? ட்ரூரியும் போயிற்று. வெங்காய வயல்களும் போயின.

புக்கெகோஹி மைதானத்தில் காரை நிறுத்தியதும் வாட்ஸ்அப்பில் அண்ணை. ‘சொன்னனீரோ?’

காரிலிருந்து மைதானத்துக்கு நூறடி. அதற்குள் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையில்தான், சத்தியமாக, அந்தப் பதிலை அனுப்பினேன். ‘சொல்லிட்டேன்.’ நிமிர்ந்து பார்த்தால் புஷ்பா என்னைவிட வேகமாக நடந்து அம்பயர் பக்கத்தில் நின்றார். அந்தப் பக்கத்திலிருந்து தவராசா அண்ணை, புதுத் தொப்பியோடு, சேகர் அச்சடித்துக் கொடுத்த தாளோடு வந்துகொண்டிருந்தார்.

அம்பயர் ஒரு பெரிய பெண்மணி, மூக்கில் வெள்ளையாக வெயில் களிம்பு. இருவரும் நீட்டியதில் இரண்டு கையிலும் இரண்டு தாள். எது எங்கள் டீம் என்று கேட்டார்.

புஷ்பா அந்த இன்னொரு தாளைப் பார்த்தார். அண்ணையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. எட்டாம் வகுப்பில் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியபோது என்னிடம் யாரும் சொல்லவில்லை. அப்பா வாத்தியாரிடம் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். நான் வழக்கம்போலப் போய் உட்கார்ந்தேன். அட்டெண்டன்ஸில் வாத்தியார் இருபத்தெட்டு என்றார், அடுத்து முப்பது என்றார். இருபத்தொன்பது நான். வாத்தியார் தலையைத் தூக்கவே இல்லை... அவரும் பென்சில்தான் சீவிக்கொண்டிருந்திருப்பார், மனசுக்குள்.

புஷ்பா தன் தாளைத் திரும்ப வாங்கி நாலாக மடித்துக் கையுறைக்குள் வைத்தார். “நீங்களே பாருங்க அண்ணே” என்று தவராசா அண்ணையிடம் சொல்லிவிட்டு வந்து, கஸீபோவில் காலியாக இருந்த அண்ணையின் நாற்காலியில் உட்கார்ந்தார். யாரோ ரோல்ஸை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டார். சாப்பிடவில்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. அண்ணையின் வரிசையில் ரூபன்தான் முதல் ஆள். ‘ஓப்பனிங்’. இரண்டாவது பந்தே சரியாக மாட்டியது. தரையோடு சீறிக்கொண்டு நடுவாகப் போயிற்று. அடுத்து நடந்ததை நான் பார்த்தேன் – ரூபன் பேட்டைக் கீழே போட்டார். போட்டுவிட்டு ஓடினார். காற்று மாதிரி ஓடினார்.

தவராசா அண்ணை பதறிவிட்டார். பேட் இல்லாமல் ஓடுகிற மருமகனை அவர் இதற்குமுன் பார்த்ததில்லை.

“ரூபன், பேட்! பேட்டை விட்டிட்டீர்!”

மாமனார் சொல். ரூபன் பாதி வழியில் நின்றார். திரும்பி வந்தார். பேட்டை எடுத்தார். மறுபடி ஓடினார். முதல் பேஸில் எதிர் டீம் ஆள் பந்தை எப்போதோ வாங்கி வைத்துக்கொண்டு, இவர் எதற்காகப் போய் வருகிறார் என்று தெரியாமல் காத்திருந்தார்.

அவுட் என்று சொல்லவே அம்பயருக்குச் சங்கடமாக இருந்தது.

அப்புறம் இரண்டு இன்னிங்ஸ் – இந்த ஆட்டத்தில் ஏழு உண்டு – அதே கதி. கஸீபோவில் முணுமுணுப்பு. போன வாரம் புஷ்பாவுக்கு எதிராகச் சொன்ன அத்தனையும் இப்போது அண்ணையை நோக்கித் திரும்பியது. யாரும் புதிதாக யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லோருக்கும் ஆட்டம் தெரிந்துவிடுகிறது. எழுந்து போய் நின்றால்தான் மறந்துபோகிறது. சேகர் லேப்டாப்பைத் திறந்து, “பாஸ், மேனேஜரை மாத்தணும்” என்றார். மேனேஜர் காதில் விழும்படிதான் சொன்னார்.

மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்ததும் அண்ணை மெல்ல நடந்து வந்தார். தொப்பியைக் கழற்றினார். புஷ்பா முன்னால் நின்றார்.

“பிள்ளை, உம்மடை தாளை எடும். எனக்கு உந்த நாற்காலியைத் தாரும்.”

புஷ்பா உடனே எழுந்திருக்கவில்லை. ஆறிப்போன ரோல்ஸை ஒரு கடி கடித்தார், மென்றார், முழுங்கினார். அதுவரை அண்ணை நின்றார். பிறகுதான் எழுந்து கையுறைக்குள்ளிருந்து தாளை எடுத்தார்.

ஜெயித்தோமா என்று கேட்காதீர்கள். பதினொன்றுக்கு ஆறு. எட்டாவது தோல்வி. ஆனால் அடுத்த முறை ரூபன் பேட்டைப் போட்டு ஓடும்போது தவராசா அண்ணை இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். இந்த சீசனில் ரசிகர் தரப்பிலிருந்து டீமுக்குக் கிடைத்த முதல் உதவி.

எனக்கு மேட்ச் அதற்குப் பிறகுதான். அதே கார், அதே மோட்டார்வே, அதே ஒரு மணி நேரம். ட்ரூரி வந்ததும் நான் ‘சொல்லணும்னுதான் இருந்தேன்’ என்று ஆரம்பித்து, நடந்ததை எல்லாம் கொட்டினேன். வாட்ஸ்அப் பொய் உட்பட.

“தோத்தா மேனேஜரை மாத்துவாங்க அண்ணே. அது எனக்குத் தெரியாதா?” என்றார். “நீங்க கார்லயே சொல்லியிருந்தா, வர்ற வழியிலயே அழுது முடிச்சிருப்பேன். அத்தன பேர் முன்னால அடக்க வச்சிட்டீங்க.”

நான் மன்னிப்புக் கேட்டேன். பாலத்தின் மேல் ஏறும்போதுதான் மறுபடி வாய் திறந்தார். டிசம்பர் லீவுக்கு டீமில் மூன்று பேர் ஊருக்குப் போகிறார்கள். ஒரு ஆள் குறைகிறது என்றார்.

“நீங்க ஆடுங்க.”

பந்து என்றாலே எனக்குப் பயம் என்றேன். கண்ணில் பட்டால், பல்லில் பட்டால் என்று ஒரு பட்டியலே சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

“ரைட் ஃபீல்ட்ல நில்லுங்க. அங்க பந்து ரொம்ப வராது. வந்தா ஒரே ஒரு வேலதான். ‘எனக்கு’ன்னு சத்தமா கத்தணும். இல்லன்னா ரெண்டு பேர் முட்டிக்குவாங்க.” கதவை மெதுவாகச் சாத்துவது போல, ஒரே வரியில் முடித்தார்: “நேரத்துக்கு வாயத் தொறந்து சொல்லிப் பழகுங்க அண்ணே.”

நாளை மறுநாள் சனிக்கிழமை, என் முதல் மேட்ச். நாலு நாளாக கராஜுக்குள் நின்று ‘எனக்கு’ என்று கத்திப் பார்க்கிறேன். மூன்று நாள் வெறும் காற்றுதான் வந்தது. இன்று காலை சத்தம் வந்துவிட்டது.

இருந்தாலும்... மழை வந்தால் எனக்கொன்றும் வருத்தமில்லை.