முலாம் பட்டறையில் பியூஸும் பிரேக்கரும்

ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜுக்குப் பின்னால் என் கடை. ரெக்டிஃபையர், இன்வெர்ட்டர், மோட்டார் டிரைவ் எல்லாம் பழுது பார்ப்பேன். தெற்குவாசல் பக்கம் முலாம் பட்டறை நடத்தும் ஒரு அக்காவும் அவருடைய தம்பியும் அப்படித்தான் பழக்கமானார்கள். வீட்டில் உருது, என்னிடம் அசல் மதுரைத் தமிழ். அவர்கள் பித்தளைச் சாமான்களைத் தொட்டியில் தொங்கவிட்டு நிக்கல் பூசுவார்கள். அதற்கான டிசி கரண்டை பீரோ அளவில் ஒரு ரெக்டிஃபையர் கொடுக்கும். அதற்குள் கரண்டைக் கூட்டிக் குறைக்கிற வேலை தைரிஸ்டர்களுடையது.

கல்யாண சீசன் தொடங்கியிருந்தபோது, எனக்கு அண்ணன் வயதுள்ள அந்தத் தம்பி போன் செய்தார்.

"தங்கச்சி, பெட்டி மறுபடியும் படுத்துருச்சு. வெரசா வாங்க."

போய் ரெக்டிஃபையர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். தைரிஸ்டர் ஒன்று செத்திருந்தது. பக்கத்திலேயே பியூஸ் ஒன்றும் ஆகாமல் உட்கார்ந்திருந்தது. எடுத்துப் பார்த்தால், மோட்டாருக்குப் போடுகிற சாதாரண பியூஸ்.

"யாருண்ணே இதப் போட்டது?"

"நாந்தேன். பழசு போச்சு. அதே ஆம்பியர்தானேன்னு கடையில இருந்ததை வாங்கி மாட்டுனேன்."

ஆம்பியர் ஒன்றுதான், வேகம் வேறு என்றேன். தைரிஸ்டருக்குள் இருப்பது மெல்லிய சிலிக்கான் வில்லை. ஷார்ட் ஆனால் கண் இமைப்பதற்குள் கரண்டை அறுத்தாக வேண்டும். இந்தப் பியூஸ் நிதானமாக உருகத் தொடங்குவதற்குள் தைரிஸ்டர் போய்விடும்.

தம்பி கொஞ்சம் யோசித்தார். "அப்ப பியூஸைக் காப்பாத்த தைரிஸ்டரு உசுரக் குடுத்துருக்கு!"

அக்கா சிரித்த சிரிப்பில் கையில் இருந்த டீ தளும்பியது.

புது தைரிஸ்டரும், அதற்கென்றே உள்ள வேக பியூஸ்களும் வரவழைத்து மாட்டினேன். நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. இந்த முறை போனில் அக்கா.

"தைரிஸ்டர் நல்லாருக்கும்மா. ஆனா ஷார்ட்டே ஆகலை, பியூஸ் மட்டும் போய்க்கிட்டே இருக்கு."

திரும்பப் போனேன். பெட்டிக்கு கரண்ட் வருகிற இடத்தில் இருந்த பிரேக்கர் கண்ணில் பட்டது. இருக்க வேண்டியதைவிட ரொம்பப் பெரியது.

"பழைய பிரேக்கர் அடிக்கடி விழுந்து கரண்ட நிறுத்திருச்சு தங்கச்சி. வேலை நின்னு போகுதேன்னு பெருசாப் போட்டேன்."

"விழாம என்ன செய்யும்?" என்றார் அக்கா. "தொட்டி கொள்ற அளவுக்கு மேல இவன் தொங்கவிடுறான். எம்புட்டு சொன்னாலும் கேக்க மாட்டான்."

"ஆபா, ஆர்டர் அம்புட்டு இருக்குல்ல!" என்று தம்பி அக்காவிடம் கெஞ்சலாகச் சொன்னார்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. வேக பியூஸ் ஷார்ட்டுக்குப் பிறந்தது. லோடு கொஞ்சம் கூடி நெடுநேரம் ஓடினால் அது சூடாகிச் சோர்ந்து ஒருநாள் போய்விடும். அந்தக் கூடுதல் லோடைக் கவனித்து நிறுத்த வேண்டிய பிரேக்கரோ பெரிய மனிதராக உட்கார்ந்துகொண்டு எதையும் கண்டுகொள்ளவில்லை.

ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் பின்புறம் இரண்டு கோடுகள் வரைந்தேன். எந்தக் கரண்டுக்கு எத்தனை நேரத்தில் பிரேக்கர் விழும் என்று ஒரு கோடு. பியூஸ் எப்போது உருகும் என்று இன்னொன்று. பிரேக்கர் பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மருக்கு முன்னால், பியூஸ் பின்னால்; இரண்டிலும் ஓடும் கரண்ட் வேறு வேறு. அதனால் கணக்கை மாற்றிப் போட்டுத்தான் இரண்டையும் ஒரே படத்தில் பொருத்த முடிந்தது. லோடு கூடினால் பிரேக்கர் முந்த வேண்டும். ஷார்ட் என்றால் பியூஸ் முந்த வேண்டும். எதிலும் தைரிஸ்டர் முந்தக் கூடாது. அதற்குத் தோதாகச் சின்னதாக ஒரு பிரேக்கரை மாட்டி, அதன் செட்டிங்கையும் திருகி வைத்தேன்.

தம்பிக்கு நம்பிக்கை வரவில்லை. சோதிக்கிறேன் என்று தொட்டியில் சாமான்களைக் கூட்டிக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் பிரேக்கர் 'டக்'கென்று விழுந்தது. பியூஸ்கள் அப்படியே இருந்தன. சாமானைக் குறைத்து லிவரைத் தூக்கியதும் வேலை ஓடியது.

"ஷார்ட் ஆனா?" என்றார்.

அதற்கான பதில் அங்கேயே கிடைத்தது. ஒத்தக்கடைக் கல்யாணம் ஒன்றுக்குக் குத்துவிளக்குகள் பூசிக்கொண்டிருந்தார்கள். கனமான விளக்கு ஒன்றின் கம்பி நழுவி, அது சரிந்து தொட்டியில் மறுமுனையாகத் தொங்கும் நிக்கல் தகட்டில் சாய்ந்து ஷார்ட் ஆனது. பெட்டிக்குள் 'பட்' என்று ஒரு சத்தம். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மெயினை அணைத்துவிட்டு மீட்டரோடு உட்கார்ந்தேன். பிரேக்கர் அசையவே இல்லை. பியூஸ்கள் போயிருந்தன. தைரிஸ்டர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் உயிரோடு இருந்தன.

"மாஷா அல்லாஹ்!" என்று அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார். தம்பி எனக்கு முன்னாலேயே புதுப் பியூஸ்களை எடுத்துக்கொண்டு வந்து நின்றார், சரியான வகைதானா என்று இருமுறை படித்துப் பார்த்துவிட்டு. விளக்குகள் சொன்ன நேரத்தில் முடிந்தன.

மறுநாள் அவற்றை ஏற்றிய வேனிலேயே எங்களையும் ஏறச் சொன்னார் தம்பி. மண்டபத்தில் இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பப் போன எங்களைப் பெண் வீட்டார் விடவில்லை; கையைப் பிடித்துப் பந்தியில் உட்காரவைத்தார்கள். பரிமாற வந்த பெரியவர், "நீங்க மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, விளக்கு வீடு," என்று சொல்லிவிட்டு, தம்பி பாயசத்துக்கு டம்ளரை நீட்டினார்.