மருந்தடித்த காட்டில் பறித்த கீரை

அந்த மருந்து வாடை இன்னும் மூக்கிலேயே நிற்கிறது... சட்டையை மூன்று தடவை துவைத்தாலும் போகாது.

எண்பதுகளின் நடுவில், களைக்கொல்லி விற்கும் ஒரு கம்பெனியில் ஃபீல்டுமேனாக இருந்தேன். சேலம் டவுனில் வளர்ந்தவன். கம்பெனி கொடுத்த கலர் சார்ட்டில் இருப்பதெல்லாம் களை, இல்லாததெல்லாம் பயிர். எனக்குத் தெரிந்த விவசாயம் அவ்வளவுதான்.

கம்பைநல்லூர் பக்கம் ஒரு கேழ்வரகுக் காட்டில் டெமோ. காலையில் நானே டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு அடித்தேன். காட்டுக்காரரிடம், "ரெண்டு நாள்ல எல்லாம் கருகிடும் பாருங்க" என்று பீற்றிக்கொண்டு கிளம்பினேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் களைச்செடி எல்லாம் மொட்டையாக நிற்கிறது. கொழுந்தை மட்டும் யாரோ கிள்ளியிருந்தார்கள்.

காட்டுக்காரர் சாதாரணமாகச் சொன்னார். "பக்கத்துக் காட்டுல களை வெட்டுன பொம்பளைங்க போறப்ப பறிச்சிருப்பாங்க சார். பண்ணைக்கீரைங்க அது, கொழம்புக்கு ஆவும்." சொன்ன பிறகுதான் அவருக்கும் உறைத்தது. முகம் வெளிறிவிட்டது.

சார்ட்டில் மூன்றாவது படம் அது. அதைத் தின்பார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குள் பறந்தேன்.

காட்டுக்காரர் பேர் சொல்லியனுப்பிய ஆறு பெண்கள், ஆறு வீடு. ஐந்து வீட்டில் கீரை இன்னும் முறத்தில்தான் இருந்தது, கொட்டச் சொல்லிவிட்டேன். ஆறாவது, சின்னபாப்பா வீடு. அங்கே கீரை கடைந்து தட்டுக்கே வந்துவிட்டது. நாலு வயசு மகள் களியைத் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோகிறாள்.

ஓடிப்போய்த் தட்டைத் தட்டிவிட்டேன்.

"சோத்துத் தட்டையா தட்டிவுடுவீங்க?" சின்னபாப்பா கரண்டியோடு எழுந்துவிட்டாள்.

காலையில் அந்தக் காட்டில் மருந்தடித்ததைச் சொன்னேன். குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தோம். ஒன்றும் உள்ளே போகவில்லை.

சின்னபாப்பா குழி தோண்டிச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு வந்தாள். கோபம் போயிருந்தது.

"ஏனுங்க சார், எல்லாரும் இந்த மருந்தையே அடிச்சா நாங்க கொழம்புக்கு எங்கீங்க போறது?"

அதற்காக வேலையை விட்டேனா என்றால், இல்லை... பதினோரு வருஷம் அதே மருந்தைத்தான் விற்றேன்.

போன மாசம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனேன். ரோட்டோரக் காட்டில் வேலையாக இருந்த பெண்ணிடம், பண்ணைக்கீரை கிடைக்குமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப எங்கீங்க மொளைக்குது... வருசா வருசம் மருந்தடிக்கிறமில்லீங்க."

அந்தச் சுற்றுவட்டாரத்தில் முதல் டேங்க் அடித்தவன் நான்தான்.