அத்தைக்குக் காவல் போன மஞ்சள் பெல்ட்டுகள்

தாராவியில் எங்கள் சந்து முனைத் தையல்கடைக்காரரின் கையை ஒரு ரவுடி கம்பியால் அடித்து முறித்தான். பார்த்தவர்கள் பலர். பார்த்தேன் என்று போலீசிடம் சொன்ன ஒரே ஆள் என் அத்தை. குர்லா கோர்ட்டில் அவள் சாட்சி சொல்லும் நாள் நெருங்கியதும், "போனா வீடு திரும்ப மாட்ட" என்று அவன் ஆள் விட்டு மிரட்டினான்.

சித்தப்பாவும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் காவலுக்குக் கிளம்பினார்கள். மூவரும் ஆறு மாதமாகக் கராத்தே படித்தவர்கள், மஞ்சள் பெல்ட். வெள்ளை உடுப்போடு வந்து நின்ற தம்பியை அத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏல, சண்டைக்குப் போறியா, சமையலுக்குப் போறியா?"

"நீ சும்மா வாக்கா. எவனாவது கை வைக்கட்டும், பாத்துக்கிடுதோம்."

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட எனக்கு எந்தக் காரணமும் போதும். நானும் தொற்றிக்கொண்டேன்.

வழியில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கிழவர், கூட்டாளி ஒருவரை வார்டுபாய் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். "பேட்டா, எக்ஸ்ரே கிதர் ஹை?" எக்ஸ்ரே எங்கே என்று கேட்டவரிடம் முடியாது என்று சொல்லத் தெரியாத மனுஷன் அந்தக் கூட்டாளி. கிழவரோடு உள்ளே போனவர் போனவர்தான்.

சயான் ஸ்டேஷன் படிக்கட்டை ரவுடியின் ஆட்கள் இருவர் மறித்து நின்றார்கள். செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்து, எதிராளிக்குக் குனிந்து வணக்கம் சொன்ன பிறகுதான் கையை ஓங்க வேண்டும் என்பது கராத்தே மாஸ்டரின் முதல் பாடம். சித்தப்பாவும் மிச்சமிருந்த கூட்டாளியும் கழற்றினார்கள். ஒரு செருப்பு கோணலாக இருக்கவே, சித்தப்பா திரும்பிப் போய் அதை நேராக்கினார். பிறகு குனிந்தார்கள்.

"அரே, பாவ் பட் ரஹா ஹை!" காலில் விழுகிறார்கள் என்று அந்தத் தடியர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சித்தப்பா விட்ட உதை யார்மேலும் படவில்லை, கால்சட்டைதான் கிழிந்தது. விழுந்தவர் ஒருவனுடைய காலைக் கட்டிக்கொண்டார். கூட்டாளி மற்றவனுடைய காலை. கூட்டம் கூடிவிட்டது.

"யக்கா, போ! போ!" என்று கீழே கிடந்தபடி சித்தப்பா கத்தினார். அத்தை என்னை இழுத்துக்கொண்டு படியேறி ரயிலைப் பிடித்தாள்.

கோர்ட்டில், கம்பி பிடித்தது எந்தக் கை என்று கேட்டதற்குக்கூட அத்தை பட்டென்று பதில் சொன்னாள். வெளியே வந்தால், சித்தப்பா வீங்கிய உதட்டோடு, வெறுங்காலோடு, கிழிசலைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். வரிசையாக வைத்த செருப்பை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அத்தையும் சிரித்தாள். சிரித்தபடியே சுவரோரம் போய், குனிந்து வாந்தி எடுத்தாள்.

"ஒண்ணுமில்ல, டிரெயின்ல வந்தது ஒத்துக்கிடல."

தினமும் கல்யாண் வரை ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவள். நான் அவள் சொன்னதை நம்பி லெமன் சோடா வாங்க ஓடினேன்.