பதினேழாம் எண் பூட்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இதில் வரும் நேரங்களைக் கணினிப் பதிவைப் பார்த்தே எழுதுகிறேன்.

துறைமுகத்தின் மின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் கரையில் நிற்கும் கப்பல், விளக்கெரிக்கக்கூட டீசல் இன்ஜினை ஓட்டிக்கொண்டே இருக்கும். இப்போது கரையிலிருந்து கேபிள் இழுத்து மின்சாரம் கொடுக்கிறோம். மாலையில் ஊரே விளக்குப் போடும் நேரத்தில், கப்பலை எங்கள் பேட்டரிக்கு மாற்றிவிடுவோம். பகலில் நிரப்பி வைத்த மின்சாரம் அது. ஆறே முக்காலுக்குள் மாற்றியாக வேண்டும்.

ஒரு விதி உண்டு. கேபிளைத் தொடுபவர் முதலில் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பூட்டியவரே திறக்க வேண்டும்.

கேபிள்காரர் ஒருவர் இருந்தார். பூட்டு எண் பதினேழு. எங்களுக்கு அவர் பதினேழு அண்ணன். டீ டம்ளரையும் பூட்டிவிட்டுத்தான் குடிப்பார் என்று கிண்டல் செய்வோம். அவர்தான் கப்பல் நிற்கும் மூன்றாம் மேடையில் ஷாக் அடித்து இறந்தார். "பூட்டே போடல" என்று எழுதிக் கொடுத்தார் சூப்பர்வைசர். பழி செத்தவர்மேல் விழுந்தது.

அவர் மனைவி, எங்கள் அண்ணி, நம்பவில்லை. துறைமுக வாசலில் பாஸ் கொடுப்பவர். கணவரின் பையிலிருந்து ஆஸ்பத்திரியில் எடுத்துக் கொடுத்த சாவியைத் தன் சாவிக்கொத்தில் கோத்து வைத்திருந்தார். சாவி பையில் இருந்தால்... பூட்டு எங்கே?

மூன்று மாதம் கழித்து ஒரு மாலை, 6:38. மூன்றாம் மேடை சுவிட்ச் நகரவில்லை. 'பூட்டப்பட்டுள்ளது' என்றது திரை. அங்கே யாருக்கும் வேலையே இல்லை.

"எவன்டா பூட்டினது? நேரமாச்சு, வெட்டிடறேன்." சூப்பர்வைசர் கட்டரோடு சுவிட்ச் அறைக்குள் போனார்.

6:41. வாக்கி-டாக்கியில் அவர் குரல். "டேய்... இங்க பூட்டே இல்லையேடா."

டொம். இரும்புக் கதவு.

டக்.

"விளையாடாத. திற."

"நான் கட்டுப்பாட்டு அறையிலதான் இருக்கேன் சார்."

மூச்சுச் சத்தம். அவருடையது ஒன்று... இன்னொன்றும்.

சொட்... சொட்...

"கழுத்துல... ஈரக் கை..."

6:44.

"நான்தான் வெட்டினேன்! உன் பூட்ட வெட்டிக் கடல்ல போட்டது நான்தான்! விட்டுடு!"

6:45. சுவிட்ச் தானாக நகர்ந்தது. கப்பல் பேட்டரிக்கு மாறியது.

ஓடினேன். கதவுக்கு வெளியே பூட்டு. வெட்டலாமென்றால் கட்டர் உள்ளே. பூட்டின் எண்ணைப் பார்த்துவிட்டு அண்ணியைக் கூப்பிட்டேன். வந்தார்.

"சாவியைக் குடுங்க அண்ணி."

"பூட்டினவர்தானே திறக்கணும்?"

உள்ளே அலறல். அண்ணி அசையவில்லை. 7:20. அலறல் அடங்கியது. அப்போதுதான் சாவியைக் கொடுத்தார்.

சூப்பர்வைசர் பிழைத்துக்கொண்டார். பேச்சு மட்டும் வரவில்லை. யாராவது கதவைச் சாத்தினால் அழுகிறார். அவர் கத்தியது முழுதும் பதிவாகியிருந்தது. அண்ணன்மேல் விழுந்த பழி துடைக்கப்பட்டது.

பூட்டைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். மேலெல்லாம் கடற்சிப்பி. எண் பதினேழு. வளையத்தில் வெட்டு விழுந்து ஒட்டிய தழும்பு. பரிசோதித்தவர் போனில் சிரித்தார்.

"இதையா திறந்தீங்க? உள்ள துரு இறுகி மூணு மாசம் ஆகுது. எந்தச் சாவியும் நுழையவே நுழையாது."

அன்று அது என் கையில் வெண்ணெய்போல் திரும்பியது.