கோடீஸ்வரர்களுக்கு வரிக் கணக்கு எழுதுகிறேன்

ஆடிட்டர் ஆபீஸ் வேலை என்பது, பசியோடு நின்று அடுத்தவர் வீட்டு விருந்தைப் பரிமாறுகிற வேலை. தங்கவயலிலிருந்து ரயிலேறி பெங்களூர் தொம்மலூருக்கு வந்து பல வருஷமாகப் பரிமாறுகிறேன். சம்பளம் கைக்கு வருமுன்பே வரி பிடித்தமாகிவிடும் சக பாவப்பட்டவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

விவசாயி

ஒரு பில்டரிடம் கையெழுத்து வாங்க, சந்தாபுரா தாண்டி அவருடைய மாந்தோப்புக்குப் போனேன். தோப்பின் நடுவில் நீச்சல் குளம். அதன் ஓரமாக என்னை உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தார். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாதே, அதனால் பெரும்பகுதியை மாம்பழக் கணக்கில் காட்டியிருந்தார். அவ்வளவு பழத்துக்கு அந்த மரங்கள் வருஷம் முழுக்க லீவே எடுக்காமல் காய்த்திருக்க வேண்டும். "இவ்வளவுமா சார் காய்ச்சுது?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ரொம்பப் பாவமாக முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்:

"மேடம், விவசாயி வயித்துல அடிக்காதீங்க."

போனஸ்

கம்பெனியை விற்றுவிட்டு வீட்டோடு இருக்கிற கோயம்புத்தூர்ப் பையன் ஒருவர். பங்குகளை விற்கிற லாபத்திலேயே வாழ்கிறார். அவர் கணக்கைப் போட்ட வாரம்தான் என் கணவருக்கு போனஸ் வந்தது. அந்த போனஸில் பிடித்த வரி விகிதம், இவருடைய லாபத்துக்கு விழும் விகிதத்தைவிட அதிகம். பொறுக்க முடியாமல் அவரிடமே சொன்னேன். நிஜமாகவே வருத்தப்பட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"உங்க வீட்டுக்காரரை யாரு அக்கா சம்பளம் வாங்கச் சொன்னா?"

கட்டிடு

லீலாவதி அம்மா ஓய்வுபெற்ற டாக்டர். தொம்மலூரில் ஒரு மனையை விற்றார். பெரிய தொகை. "இன்னொரு வீடு வாங்கிப் போடுங்கம்மா, வரி மிச்சமாகும்" என்று எங்கள் ஆடிட்டர் சார் கெஞ்சினார்.

"இருக்கிற வீட்டையே பெருக்க முடியலை. இன்னொண்ணு எதுக்கு? வரியை முழுசா கட்டிடு. மழை பெஞ்சா எங்க ரோட்டுல முழங்கால் தண்ணி. என்னை மாதிரி இருக்கறவங்களே தப்பிச்சா வேற யார் கட்டுவா?" என்றார் அம்மா. வெளிநாட்டிலிருந்து மகன் போனில் கத்தினான். "நான் சம்பாதிச்சதுடா" என்று வைத்துவிட்டார். என்னையே கட்டச் சொல்லி, ரசீது வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்படி ஒரு நிம்மதியான சிரிப்பு.

நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பில்டரின் நீச்சல் குளத்தைப் பார்த்தபோதுகூட இவ்வளவு எரியவில்லை. எங்களிடம் பிடிக்கிறார்கள்; அம்மா கொடுக்கிறார். அந்த வித்தியாசம்தான் உறுத்தியது. அவர் போனதும் பக்கத்து சீட் நாகராஜ் பெருமூச்சு விட்டான்:

"பணம்தான் அவங்க கிட்டன்னா, நல்ல பேரும் அவங்களுக்கேவா அக்கா?"

பெரிய பணக்காரர்களுக்கு வரியைக் கூட்டணுமா என்று கேட்டால் கட்டாயம் கூட்டணும் என்றுதான் சொல்வேன், ஆனால் அது நியாயம் பேசுகிறதா வயிறு பேசுகிறதா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.